கட்டுமரம் வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? ‘அலைவாய்க் கரையில்’ நாவலும் ஒரு வரவு செலவுக் கணக்கும்

சாத்தூர்க்காரனுக்குக் கடலைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்டா, நியாயமான கேள்விதான். எங்க ஊர் வழியாப் போற வைப்பாத்துல வருஷத்துல முக்காவாசி நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் அந்த ஆறும் ஒரு இடத்தில் கடலைத் தொடுகிறது. தூத்துக்குடிக்கு வடக்கே வைப்பார், சிப்பிகுளம் என்று மீனவர் ஊர்கள் இருக்கும் பக்கம். நான் கடலுக்குப் போனது ஆற்று வழியாக அல்ல, புத்தக வழியாக. சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவலைத் தேடிப் படித்தேன், நம்ம தீப்பெட்டி ஆபீஸ் விஷயமாச்சே என்று. அவரே மீனவர் வாழ்க்கையை வைத்து ‘அலைவாய்க் கரையில்’ (1978) எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் அதையும் எடுத்தேன்.

இந்தக் குறிப்பு அந்த நாவலைப் பற்றியது. ஆனால் ஒரே கோணத்தில்தான் பார்க்கப் போகிறேன். ஒரு கட்டுமரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு உண்மையில் என்னென்ன செலவு? அதில் எதை நாவல் எழுதியது, எதை விட்டது?

முதலில் அந்தச் சொல். கட்டுமரம் என்கிற நம்ம வார்த்தைதான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. 1690களிலேயே வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டைத் தெப்பத்தை அந்தப் பெயரில் குறித்து வைத்தார். பிறகு பெயர் இடம் மாறியது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். இன்று உலகத்தில் கேட்டமரான் என்றால் அந்த வகைச் சொகுசுப் படகுதான். கட்டையும் இல்லை, கட்டும் இல்லை. பேர் மட்டும் நம்முடையது.

அந்தச் சொகுசுப் படகு வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கமான எச்சரிக்கை உண்டு: வாங்கின விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கே போகும், எடுத்து வையுங்கள் என்பார்கள். அதோடு துறைமுகத்தில் நிறுத்தக் கட்டணம், காப்பீடு, பாய் மாற்றுவது, விற்கும்போது விலை இறங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு பொருளின் விலை வேறு, அதை வைத்திருக்கும் செலவு வேறு. நல்ல அறிவுரைதான்.

இதே கேள்வியை அசல் கட்டுமரத்துக்குக் கேட்டால், ‘அதுக்கென்ன பெரிய செலவு? நாலு கட்டை, ரெண்டு கயிறு’ என்ற பதில்தான் பொதுவாக வரும். நம்ம ஆட்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஏழையின் படகு, அதனால் மலிவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுமரத்துக்கு லேசான மரம் வேண்டும். தென்கோடிக் கரைக்குப் பெரும்பாலும் கேரளத்து மலைப்பக்கத்திலிருந்து அல்பீசியா போன்ற மென்மரம் வரும். எங்க ஊர்த் தீக்குச்சிக்கும் கேரளத்து மென்மரம்தான் வந்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. லேசான மரம் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். அதனால் கடலிலிருந்து வந்ததும் மரத்தைக் கரையேற்றிக் காயப்போட வேண்டும். கட்டை ஊறிப்போனால் கனம் கூடும், மிதப்பு குறையும், அதே தூரம் போக இரண்டு மடங்கு துடுப்பு போட வேண்டும். புழுவும் துளைக்கும். சில வருஷத்தில் கட்டையை மாற்றியாக வேண்டும். இன்னும் மிதக்கிற கட்டையைச் சின்ன மரத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சம் அடுப்புக்குத்தான்.

மரம் முடிந்தது. வலைதான் பெரிய செலவு. ஒரு வலை போதாது. சாளைக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, திருக்கைக்கு ஒன்று, சிங்கிறாலுக்கு ஒன்று. பருவம் மாறினால் வலை மாறும். பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் அது அழுகாமலிருக்கச் சாயம் காய்ச்சித் தோய்த்துக் காயப்போடுவதே தனி வேலை. நைலான் வந்தபின் அந்த வேலை போனது, ஆனால் காசு கொடுத்துக் கடையில் வாங்கும் பொருளாக வலை மாறிவிட்டது. பாறையில் மாட்டினால் கிழியும். விசைப்படகு மேலே ஏறிப் போனால் ஒரே ராத்திரியில் மொத்த வலையும் போகும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று சொன்னதற்கு இந்த வலைச் சண்டையும் ஒரு காரணம்.

அடுத்து, தொழிலுக்குப் போகாத நாட்கள். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, அதுவே வருஷத்துக்கு 52 நாள். திருவிழா, சாவு, காற்று, கடல் கொந்தளிப்பு எல்லாம் தனி. மரம் கரையில் கிடந்தாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அங்கேதான் கடன் நுழைகிறது.

இனி நாவலுக்கு வருவோம். ராஜம் கிருஷ்ணன் செய்த பெரிய காரியம், செலவுப் பட்டியலில் யாருமே எழுதாத ஒரு வரியை எழுதியது. அந்த வரியின் பேர் துவி. துவி என்றால் சுறாவின் செதில் துடுப்பு. காயவைத்துச் சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் சூப்புக்குப் போன சரக்கு. சுறாவில் எடைக்கு எடை விலை கூடின உறுப்பு அதுதான். அந்தத் துவி பிடித்தவருக்கு இல்லை, கோயிலுக்கு. கோயில் என்றால் அங்கே சர்ச்சுதான். கோயில் அதைக் குத்தகைக்கு விடும், குத்தகைக்காரர் வந்து அறுத்துக்கொண்டு போவார். இந்த உரிமையை எதிர்த்து மீனவர்கள் எழுவதுதான் ‘அலைவாய்க் கரையில்’ நாவலின் மையப் பிரச்சினைகளில் ஒன்று.

இதை மதப் பிரச்சினையாகவோ சாமியார் எதிர்ப்பாகவோ படிப்பவர்கள் உண்டு. நான் கணக்காகப் படிக்கிறேன். சுறாவுக்குப் போக உறுதியான வலையோ தூண்டிலோ வேண்டும், தூரம் போக வேண்டும், உயிர் ஆபத்தும் கூட. அதாவது முதலீடு அதிகமான தொழில். அந்த முதலீட்டைத் திருப்பித் தரக்கூடிய உறுப்பு எதுவோ, அதுதான் விலை பேசுவதற்கு முன்னாலேயே கையை விட்டுப் போகிறது. செலவு முழுக்க மரக்காரருக்கு, லாபத்தின் நுனி வேறொருவருக்கு. இதை ஒரு பொருளாதார அறிக்கை நாலு பக்கத்தில் சொல்லும். நாவல் கரையில் கிடக்கும் ஒரு மீனை வைத்தே சொல்லிவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் என்னுடையவை, விகிதத்தைப் புரிந்துகொள்ள மட்டும். ஒரு நாள் பாடு 1000 ரூபாய்க்கு ஏலம் போகிறது. கடன் கொடுத்த வியாபாரி 100 ரூபாய் கழிக்கிறார். கோயிலுக்கு 50. மிச்சம் 850. மரத்தில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கும் வலைக்கும் சேர்த்து ஒரு பங்கு. ஆக நாலு பங்கு, பங்குக்கு 212 ரூபாய் 50 காசு. புது வலையும் புதுக் கட்டையும் அந்த 212 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும். முதலிலேயே போன 150 ரூபாய், மரத்துக்குக் கிடைத்ததில் எழுபது சதவீதம். இந்த நிலைமையில் வலை கிழிந்தால் என்ன ஆகும்? மறுபடி அதே வியாபாரியிடம்தான் போக வேண்டும். கடன் கொடுத்தவருக்கே மீனைப் போட வேண்டும் என்பதால் விலையும் அவர் சொல்வதுதான். சொகுசுப் படகுக்காரர் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம், ஏனென்றால் அவர் கையில் பணம் முதலில் வருகிறது. கட்டுமரக்காரர் கைக்குப் பணம் கடைசியில்தான் வருகிறது. இரண்டு பேரின் கணக்கும் பிரிகிற இடம் இதுதான்.

கோயில் ஒன்றும் கொடுக்காமல் எடுத்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், வழக்குத் தீர்ப்பது, சாவு கல்யாணம், அரசாங்கத்திடம் பேசுவது எல்லாம் பல காலம் கோயில் வழியாகத்தான் நடந்தன. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். நாவலின் மேல் என்னுடைய முதல் குறையும் இங்கேதான். துவிச் சண்டை சூடு பிடித்ததும் வியாபாரியின் கழிவு பின்னுக்குப் போய்விடுகிறது. கோயிலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியும், அதை எதிர்த்துக் கூட்டம் சேர்க்கலாம். வியாபாரிக்குப் போவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் போகும். அதை எதிர்த்து யார் கொடி பிடிப்பது? எழுத்தாளருக்கும் சத்தமுள்ள சண்டைதான் வசதியாக இருந்திருக்கிறது. இரண்டாவது குறை, களத்தில் சேகரித்த தகவலைச் சில பாத்திரங்கள் அப்படியே ஒப்பிக்கின்றன. ராஜம் கிருஷ்ணனைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தத் தகவலுக்காகவே அவரைத் திரும்பப் படிக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

விட்டுப்போன வரிகளை வேறு இரண்டு நாவல்கள் நிரப்புகின்றன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) கட்டுமரக் கதை இல்லை, வல்லத்தின் கதை. அங்கே மகன் வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான், குரூஸ் மிக்கேலுக்கு அது முடியவில்லை. மகனுக்கு வல்லம் ஒரு சொத்து, இன்ன விலைக்குப் போகும். அப்பனுக்கு அது விலைக்குள் அடங்காத பொருள். கணக்கில் ‘விற்கும்போது என்ன கிடைக்கும்’ என்ற கடைசி வரியை இந்த நாவல் ஒரு குடும்பத்தின் வலியாக எழுதியிருக்கிறது. அழகான நாவல், மறுப்பில்லை. ஆனால் வல்லத்தை வைத்திருக்க அன்றாடம் என்ன செலவாகிறது என்பது அதில் மங்கலாகத்தான் இருக்கிறது.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) 1933 முதல் 1985 வரை போகிறது. கடலில் சிக்கி மிதக்கும் கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை ஆகிய மூன்று தலைமுறை ஆட்கள்தான் அதன் முதுகெலும்பு. மூத்தவர்கள் இரண்டு பேர் போனால்தான் இளையவன் கரை சேர முடியும் என்று கதை போகிறது. சொகுசுப் படகுக் கணக்கில் ‘காப்பீடு’ என்று ஒரு வரி வருமே, அந்த இடத்தில் இங்கே இருப்பது மனிதர்கள். உள்ளிருந்து எழுதுகிறவருக்குத்தான் இது கைவரும். ராஜம் கிருஷ்ணன் கரையில் நின்று பார்த்தார், குருஸ் மரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். ஆனால் யார் முதலில் எடுக்கிறார்கள் என்ற கேள்வியை நேராகக் கேட்க, கரையில் நின்றவருக்கே முடிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதெல்லாம் பழைய நாவல் விவகாரம், இப்ப எதுக்கு என்று தோன்றலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் நடந்ததைப் பாருங்கள். நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. பல இடங்களில் மரக்கட்டுமரம் ஏறக்குறைய மறைந்தது. கொடுத்தவர்களின் பட்டியலில் படகின் விலை இருந்தது. எஞ்சின் ரிப்பேர், எரிபொருள், அடுத்த வலை எல்லாம் வாங்கினவர் தலையில். நேற்று வரை இன்னொருவர் மரத்தில் பங்குக்குப் போனவர் இன்று சொந்தக்காரர் ஆனதால் கூட வர ஆள் கிடைக்காமல் கரையில் கிடந்த படகுகளும் உண்டு. துடுப்பும் பாயும் இருந்தவரை கடலுக்குள் போகக் காசு வேண்டாம். எஞ்சின் வந்தபின், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போகும்போதே செலவு. அதற்கும் முன்பணம் கொடுப்பவர் அதே வியாபாரிதான். இலவசமாக வந்த படகு பலருக்குக் கடனைக் கூட்டியது இப்படித்தான். நல்ல மனசோடு கொடுத்தவர்கள் 1978இல் வந்த ஒரு நாவலைப் படித்திருந்தால், படகு கொடுப்பதற்கு முன்னால் ‘மீனை யாருக்குப் போடுறீங்க?’ என்று கேட்டிருப்பார்கள்.

எங்க ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு இது அன்னியமில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கின குடும்பம் வேறு ஆபீஸுக்குப் போக முடியாது, கொடுக்கிற கூலிக்கு அங்கேயேதான் வேலை பார்க்க வேண்டும். கடலும் கந்தகமும் வேறு வேறு. முன்பணம் கழுத்தைப் பிடிக்கிற விதம் ஒன்றுதான். ‘கூட்டுக் குஞ்சு’களையும் ‘அலைவாய்க் கரை’யையும் எழுதினவர் ஒரே ஆள் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

நாவலைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். மீன் கரைக்கு வரும்போதெல்லாம் யார் கை முதலில் நீளுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். அதே தாளோடு ‘கூட்டுக் குஞ்சுக’ளையும் மறுபடி படிக்கலாம் என்றிருக்கிறேன். படித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.