எம்சிபி பார்க்காத பொறி: ஆர்க் பிரேக்கரை வீட்டில் மாட்டிப் பார்த்தோம்

"எம்சிபி இருக்குல்ல சார், ஏதாவதுன்னா அதுவே விழுந்துடும்." இந்தக் கருவியை மாட்ட வந்த வயர்மேன் சொன்னது இது. நம்மில் பெரும்பாலோர் நம்புவதும் இதைத்தான். டி.பி. பெட்டிக்குள் வரிசையாக நாலைந்து எம்சிபி நின்றால் வீடு பத்திரம் என்று மூடிவிடுகிறோம்.

எம்சிபி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு கரண்ட் போகிறது என்பது. 16 ஆம்பியர் 'சி' வகை என்றால், ஷார்ட் சர்க்யூட்டில் 80 முதல் 160 ஆம்பியருக்குள் பாயும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஓவர்லோடு என்றால் நிதானம். 18 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரம் வரை விழாமல் இருக்க அதற்கு அனுமதி உண்டு. 23 ஆம்பியரைத் தாண்டினால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். வயரைக் காப்பாற்ற இது போதும். லூஸ் கான்டாக்ட்டுக்குப் போதாது.

குளியலறை கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அதன் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, வயர் தொடுகிற இடத்தில் 0.3 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் பார்த்தால் அற்பமான எண். ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து சுவருக்குள் செருகி மறந்துவிட்ட மாதிரி. சாதாரண பிவிசி வயரின் உறை தொடர்ந்து தாங்கக்கூடியது 70 டிகிரி. எம்சிபிக்கோ, 16 ஆம்பியருக்கு வெறும் 8.7 தானே போகிறது, எல்லாம் நலம். எர்த்துக்கு எதுவும் கசியாததால் பக்கத்தில் கசிவைக் கண்காணிக்கும் ஆர்சிசிபியும் அசையாது. உறை கருகி, அந்தக் கரி வழியாகவே கரண்ட் குதிக்க ஆரம்பிக்கும்போதுதான் நெருப்பு. எம்சிபி கடைசியில் விழத்தான் செய்யும். அதற்குள் சாக்கெட்டைச் சுற்றியிருப்பது பற்றியிருக்கும்.

அந்தக் குதிக்கும் பொறியைக் கண்டுபிடிக்கிறேன் என்று வந்திருப்பதுதான் ஏஎஃப்டிடி. அமெரிக்காவில் ஏஎஃப்சிஐ என்பார்கள். நான் ஆர்க் பிரேக்கர் என்றே சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு மின்விதித் தொகுப்பிலேயே நுழைந்து, 2002இலிருந்து புதிய வீடுகளின் படுக்கையறை சாக்கெட்டுகளுக்குக் கட்டாயமானது. சர்வதேசத் தரமான ஐஇசி 62606 வெளியானது 2013இல். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் முதியோர் இல்லம், மாணவர் விடுதி, உயரமான குடியிருப்பு போன்ற இடங்களின் சாக்கெட் சர்க்யூட்டுகளுக்கு இதைக் கேட்கிறது. நம் ஊர் எலக்ட்ரிகல் கடையில் கேட்டால் முதலில் ஆர்சிசிபியை எடுத்து நீட்டுவார்கள். விளக்கிச் சொன்னால், "ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்" என்பார்கள்.

வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. நம் ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. பொறி பறக்கும் இணைப்பில், அப்படிப் பூஜ்யத்தைத் தொடும்போதெல்லாம் பொறி அணைந்து, மின்னழுத்தம் ஏறியதும் மறுபடி பற்றிக்கொள்ளும். அந்த நொடித்துளி இடைவெளி கரண்டின் அலையில் ஒரு தட்டையான படியாகப் பதியும். கூடவே ரேடியோவில் கேட்கும் கரகரப்பு மாதிரியான உயர் அதிர்வெண் இரைச்சலும் கிளம்பும். உள்ளே இருக்கும் சிப் இந்த இரண்டையும் ஓயாமல் கவனித்து, இது பொறிதான் என்று முடிவானால் சர்க்யூட்டைத் துண்டிக்கிறது.

எனக்குக் கிடைத்தது 16 ஆம்பியர் மாடல். எம்சிபி, 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு, பொறி கண்டறிதல் மூன்றும் ஒரே உடலில். அகலம் இரண்டு எம்சிபி அளவு. முதல் சிக்கல் இங்கேயே ஆரம்பம். நம் வீடுகளின் டி.பி. பெட்டியில் காலியிடம் விட்டுக் கட்டுவது அபூர்வம். ஒன்று பெட்டியை மாற்ற வேண்டும், அல்லது பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெரிது: நியூட்ரல். இந்தக் கருவிக்குள் ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே போய் வர வேண்டும், அந்த நியூட்ரல் அந்த சர்க்யூட்டுக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் வயர்மேன்கள் நியூட்ரலைக் கைக்கு எட்டிய ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்திருப்பார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒரே நியூட்ரல். அதன் மேல் பிற்பாடு இன்வெர்ட்டர் வைத்தவர் தன் பங்குக்கு இன்னும் ஒன்றை முடிச்சுப் போட்டிருப்பார். மாட்டிய கையோடு ஹால் ஃபேனைப் போட்டால் படுக்கையறை பிரேக்கர் விழுகிறது. "பீஸே ஃபால்ட்டு சார்" என்றார் வயர்மேன். ஃபால்ட் பீஸில் இல்லை. ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் கசிவு என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். நியூட்ரலைத் தேடிப் பிரிப்பதில்தான் பாதி நாள் போனது. வீட்டில் ஆர்சிசிபி வைத்து, அடிக்கடி விழுகிறது என்று கழற்றிப் போட்டவர்கள் பலருடைய கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு அன்றாடப் பயன்பாடு. என் பெரிய சந்தேகம் மிக்ஸி. அதன் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் எப்போதுமே பொறி கக்கிக்கொண்டுதான் சுழலும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடிப்பக்கத் துவாரங்கள் வழியாகப் பார்த்தால் நீலமாகத் தெரியும். தேங்காய்ச் சட்னி அரைக்கும்போதெல்லாம் கரண்ட் போனால் இந்தக் கருவி எந்தச் சமையலறையிலும் ஒரு வாரம் தாங்காது. விழவில்லை. வெட் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, பழைய சோக் வைத்த டியூப் லைட், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. பிரஷ் தேய்ந்துபோன ஒரு பழைய டிரில்லிங் மிஷின் மட்டும் அதை ஏமாற்றியது. அதற்கு டிரில்லிங் மிஷினைத்தான் திட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டு அணைக்கும்போது வரும் சின்னப் பொறி, பிளக்கைச் செருகும்போது வரும் 'பட்', இவற்றுக்கும் அசையவில்லை.

உண்மையான பொறியைப் பிடிக்கிறதா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. யாரும் முயலவும் வேண்டாம். தெரிந்த பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் தன் லேபில் ஏற்பாடு செய்து தந்தார். ஒரு பக்கம் கார்பன் தண்டு, மறுபக்கம் செம்புத் தண்டு, நடுவே முடியளவு இடைவெளி. சோதனைக்கூடங்கள் பயன்படுத்தும் அமைப்பின் எளிய வடிவம் இது. லோடாக கீசர் ஹீட்டர். முதலில் எம்சிபியோடு மட்டும் இணைத்தோம். பொறி வெள்ளையாகச் சீறிக்கொண்டே இருந்தது, ஹீட்டரும் சூடாகிக்கொண்டே இருந்தது, எம்சிபி அப்படியே நின்றது. நாங்கள்தான் அணைக்க வேண்டியிருந்தது. அடுத்து ஆர்க் பிரேக்கர். பொறி தொடங்கியதும் 'டக்'. வெளிச்சத்தைப் பார்த்தோமா, சத்தத்தைக் கேட்டோமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வேகம். தரம் விதிக்கும் கெடு இது: 2.5 ஆம்பியர் பொறிக்கு 1 நொடி, 5 ஆம்பியருக்கு அரை நொடி, 10 ஆம்பியருக்குக் கால் நொடி, 16 ஆம்பியருக்கு 0.15 நொடி. விழுந்த காரணத்தைச் சின்ன எல்இடி நிறம் மாற்றிக் காட்டுகிறது. ஓவர்லோடா, கசிவா, பொறியா என்று தெரிவது வயர்மேனுக்குப் பெரிய உதவி.

இதுவரை எல்லாம் பாராட்டுதான். ஆனால் அந்த அட்டவணை 2.5 ஆம்பியரில் தொடங்குவதைக் கவனியுங்கள். 230 வோல்ட்டில் அது 575 வாட். சீலிங் ஃபேன் 75 வாட், எல்இடி பல்பு 9 வாட், செல்போன் சார்ஜர், கொசுவர்த்தி மெஷின், டிவி, இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. தலையணைக்கு அருகில் விடிய விடியச் செருகிக் கிடக்கும் மலிவான சார்ஜரின் உள்ளே நடக்கும் எதையும் இது கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. வாசலில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் வயரில் பொறி வந்தால் பிடிக்கலாம். பேட்டரியின் செல் தானாகக் கொதித்தெழுந்தால் இதற்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு குருட்டு இடம் என்னை அதிகம் உறுத்தியது. லேபில் ஒரு சாக்கெட்டின் ஸ்க்ரூவை வேண்டுமென்றே தளர்த்தி, கறுத்துப்போன பழைய செம்பு வயரை அதில் மாட்டினோம். பொறி எதுவும் பறக்கவில்லை. இணைப்பு சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டே போனது. டெர்மினல் 100 டிகிரியைத் தாண்டி, பிளாஸ்டிக் வாசனை வரும் வரை விட்டுப் பார்த்தோம். ஆர்க் பிரேக்கர் அசையவில்லை. அதன் மேல் குற்றமில்லை. பொறி இல்லாவிட்டால் அலையில் படியும் இல்லை, இரைச்சலும் இல்லை. லூஸ் கான்டாக்ட்டின் முதல் கட்டத்தை இது பார்ப்பதில்லை, கரியாகிப் பொறி பறக்கும் இரண்டாம் கட்டத்தில்தான் விழித்துக்கொள்கிறது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

முதல் கட்டத்தைப் பிடிக்க வேறொரு கருவி இருக்கிறது, விலையும் குறைவு: இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது வேலைக்கு ஆகாது. அது உடல் சூட்டு அளவை மட்டுமே காட்டும். 300, 400 டிகிரி வரை அளக்கும் தொழிற்சாலை வகை வேண்டும். ஏசியோ கீசரோ அரை மணி நேரம் ஓடிய பிறகு சாக்கெட்டின் மேல், பிளக்கின் மேல், டி.பி. பெட்டியில் ஒவ்வொரு எம்சிபியின் முகப்பின் மேல் காட்டிப் பார்க்கலாம். பக்கத்து எம்சிபி 36 டிகிரியில் இருக்க, ஒன்று மட்டும் 60 காட்டினால் வயர்மேனைக் கூப்பிட்டுவிடுங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் இந்தக் கருவி குறைத்துக் காட்டும், அதனால் பிளாஸ்டிக்கின் மேல் அளப்பதே சரி. பெட்டியின் உள்மூடியை நீங்களே கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

வயர்மேன் வரும்போது கேட்டு வாங்க வேண்டிய வேலைகளும் உண்டு. மின் இணைப்பை அணைத்துவிட்டு எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் இறுக்குவது, பிரிவயரை அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் நசுக்காமல் லக் போட்டு மாட்டுவது, சுவருக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒளித்த முடிச்சுகளை எடுப்பது. பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால் இன்னும் கவனம். அது அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுத்து, இறுக்கிய ஸ்க்ரூவும் தானாகத் தளரும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் போட்டு 16 ஆம்பியர் பொருளை ஓட்டும் பழக்கம் இருக்கிற வீட்டில் ஆர்க் பிரேக்கர் பற்றிப் பேசுவதே வீண். முதலில் அந்தக் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட வேண்டும்.

இங்கேதான் விலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு சர்க்யூட்டுக்கான ஆர்க் பிரேக்கரின் விலையில் வீடு முழுமைக்கும் ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் நல்ல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் வாங்கி, வயர்மேன் கூலியும் கொடுத்துவிடலாம். ஆர்சிசிபி இல்லாத வீட்டுக்கு என் பரிந்துரை சந்தேகமே இல்லாமல் அதுதான். நம் பகுதியில் 'அடிக்கடி விழாது' என்று 100 மில்லிஆம்பியர் வகையை மாட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. ஆளைக் காப்பாற்ற 30 தான் வேண்டும். அது தீயையும் ஓரளவு தடுக்கும். தீத்தடுப்புக்கென்றே உள்ள 300 மில்லிஆம்பியர் வகைகூட, எர்த்துக்குக் கசியும் சூடு 70 வாட்டை நெருங்கும்போது துண்டித்துவிடும்.

அவையெல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தால், ஆர்க் பிரேக்கருக்கு ஒன்றிரண்டு சர்க்யூட்டுகளில் இடம் உண்டு: மர உத்தரமும் பழைய வயரிங்கும் உள்ள வீடு, தனியாக வசிக்கும் பெரியவர்களின் படுக்கையறை ஏசி, துணியும் பேப்பரும் அடுக்கி வைத்த அறை. எல்லா சர்க்யூட்டுக்கும் போடச் சொல்ல மாட்டேன். லைட், ஃபேன் சர்க்யூட்டுக்கு அந்த 575 வாட் கணக்கே பதில்.

வாங்கும்போது உடலில் ஐஇசி 62606 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வைஃபை வைத்த 'ஸ்மார்ட் பிரேக்கர்' என்று மலிவாக வருபவை பெரும்பாலும் செல்போனிலிருந்து ஆன், ஆஃப் செய்யவும் யூனிட் கணக்குப் பார்க்கவும் மட்டுமே. பொறி கண்டறியும் சிப் அவற்றில் இருக்காது. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் டி.பி. பெட்டியில் இரண்டு எம்சிபி அளவுக்குக் காலியிடமும், அந்த சர்க்யூட்டுக்குத் தனி நியூட்ரலும் இருக்கிறதா என்று வயர்மேனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பேக்கிங்கைப் பிரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வது சந்தேகம்தான்.