விடுபட்ட காண்டம்

சென்ற மாசியில் பெசன்ட் நகர் மயானத்தில் என் பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அவருக்கு ஒரே பெண். கடைசிப் பதினோரு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள். சாஸ்திரிகள் நல்ல மனிதர். பெண் செய்யக்கூடாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவள் கையிலிருந்து தர்ப்பைப் புல்லை நான் வாங்கிக்கொண்டால் போதும், அவளே செய்தது போலத்தான் என்றார். கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்தபின் பாலவாக்கம் வீட்டில் அவருடைய அலமாரியிலிருந்து ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமக'னை எடுத்து மறுபடி வாசித்தேன். 1958ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற இந்நூலைப் பற்றிப் பேசுவது நம் வட்டத்தில் கௌரவக் குறைச்சல். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. அதில் கவனிக்க வேண்டியது எழுதப்பட்டதை அல்ல, எழுதாமல் விடப்பட்டதை. பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறார். கர்ப்பிணி சீதையைக் காட்டில் விட்டதும், தவம் செய்த சம்பூகனின் தலையை வெட்டியதும் உத்தரகாண்டத்தோடு வெளியே நின்றுவிடுகின்றன. கம்பனும் அங்கேதான் நிறுத்தினான்; அந்தக் காண்டம் பிற்சேர்க்கை என்று சொல்லும் பண்டிதர்களும் உண்டு. ஆக, ஆதாரங்கள் பலமானவை. வங்கியில் ஒத்துவராத பற்றை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவைப்போம். தப்பு நடந்தது என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, கணக்கு நேராகிவிடும்.

ஆனால் நெருப்பு உத்தரகாண்டத்தில் இல்லை. யுத்தகாண்டத்திலேயே சீதை அதில் இறங்கிவிடுகிறாள். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் (1943) விரலை வைத்தது இந்த இடத்தில்தான். எதையும் அவர் வெட்டவில்லை. ராமனின் பாதத் தூளியால் உயிர்பெற்ற அகலிகை, சீதை வாயாலேயே அக்கினிப் பிரவேசத்தைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். புராணத்தை நம்புகிற மனம் புராணத்தாலேயே அடிபடுகிறது. பக்தியைக் கேலி செய்யும் கதை என்று இதை வாசிப்பவர்கள் அகலிகையைக் கவனிக்கவில்லை. ராமன் தனக்குக் காட்டிய நியாயத்தை அவள் நம்பியிருந்ததால்தான் கல்லாக முடிந்தது.

ராஜாஜியைக் கோழை என்று சொல்ல மாட்டேன். 1939 ஜூலை 8ல் வைத்தியநாதய்யர் ஹரிஜனத் தோழர்களுடனும் நாடார் ஒருவருடனும் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் நுழைந்தபோது சென்னை மாகாணப் பிரதம மந்திரி அவர்தான். அதன்பின் வந்த சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேசத்துக்கு அனுமதியும் நுழைவித்தவர்களுக்குக் காப்புறுதியும் இருந்தன. ஆகமம் தவறு என்று அது சொல்லவில்லை. மீறியவர்கள் மீது வழக்கு இல்லை என்றது. 1972ல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போயிற்று: அர்ச்சகர் நியமனம் லௌகீக காரியம், ஆகவே பரம்பரை உரிமையை ஒழித்த சட்டம் செல்லும், விக்கிரகத்தைத் தொடுவது யார் என்பதில் ஆகமம் அப்படியே இருக்கும்.

இந்தச் சாமர்த்தியம் நவீனமானதல்ல. சாஸ்திரக்காரர்களே கலிவர்ஜ்யம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். நியோகம் போன்ற, மனதுக்கு ஒவ்வாத விதிகள் வேறு யுகத்துக்கு உரியவை என்று ஒதுக்க அது உதவிற்று. அதே கத்தி எதிர்ப்பக்கமும் வெட்டும். விதவையின் மறுமணத்துக்குப் பராசர ஸ்மிருதியில் வித்யாசாகர் ஆதாரம் காட்டினார். 1856ல் சட்டம் வந்தது. ஆனால் 14ம் நூற்றாண்டிலேயே உரைகாரர் மாதவர், அந்த சுலோகம் கலியுகத்துக்கு இல்லை என்று எழுதிவைத்திருந்தார். பராசரமோ கலியுகத்துக்கென்றே சொல்லப்பட்ட ஸ்மிருதி!

விசுவாசிகளைப் போலிகள் என்று தள்ளுவது சுலபம். என் அனுபவத்தில் அவர்கள் தங்கள் நூலைவிட நல்லவர்கள். அந்த நல்லதனத்தின் பெருமையை நூலுக்கே எழுதிவைத்துவிடுகிறார்கள். அதனால் அடிபட்டவனுக்குச் சேர வேண்டிய ஒரு சொல் மட்டும் போய்ச் சேருவதே இல்லை. 1927 டிசம்பர் 25ல் மகாட்டில் மனுஸ்மிருதியை எரித்த அம்பேத்கரும் தோழர்களும் அந்தச் சொல்லைத் தாங்களே உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பின் அக்கா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "அந்தப் புல்லை என்னடா பண்ணினே?"

எனக்கு ஞாபகமில்லை.