காற்றுக்குக் காது கொடுப்பவர்கள்
பாராகிளைடிங் பந்தயம் என்றதும் கண் வானத்துக்குத்தான் போகும். ஆனால் 2015இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாச்சலத்தின் பில்லிங்கில், சுமார் 2,400 மீட்டர் உயரப் புல்சரிவில், அதன் நேர்த்தி தரையிலேயே தொடங்கிவிடுகிறது. வீரர்கள் சரசரக்கும் நைலான் துணியை விரித்து, நூல்களை ஒவ்வொன்றாக விரலால் நீவிச் சிக்கெடுக்கிறார்கள். சிறு சுள்ளி மாட்டியிருந்தாலும் விரல் நின்றுவிடும். பிறகு காத்திருப்பு. முன்னோட்டமாகப் பறப்பவர் மேலேறுகிறாரா, தாழ்கிறாரா என்று அமைப்பாளர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். காற்று முரண்டினால் அன்றைய பந்தயத்தையே கைவிடும் துணிவும் அவர்கள் வேலையில் சேர்த்திதான்.

எல்லாம் காற்றின் தயவு, இதில் திறமை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே மலை, ஒரே வெயில். ஒருவர் இலக்கைத் தொடுகிறார், இன்னொருவர் பாதி வழியில் வயலில் இறங்கித் துணியைச் சுருட்டுகிறார். வித்தியாசம் பெரும்பாலும் கவனிப்பில் இருக்கிறது. வேரியோமீட்டர் என்ற கருவியின் ‘பீப்’ நெருங்கி ஒலித்தால் ஏற்றம், தாழ்ந்து முனகினால் இறக்கம். ஒலி துள்ளும் பக்கம் உடலை மெல்லச் சாய்த்து, பதறாமல் வட்டமிடுகிறார்கள். பக்கத்திலேயே சுற்றும் பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் கருவியே தேவைப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.