ஒளியிழை ஸ்விட்சுக்குள் கோர்பா: எங்கே சரி, எங்கே சறுக்கல்

ஒளியிழைத் தொலைத்தொடர்பு ஸ்விட்ச் வெளியிலிருந்து பார்த்தால் அலமாரி உயரத்தில் நிற்கும் ஒரே இயந்திரம். உள்ளே பத்து இருபது கணினிகள் இருக்கும். ஒவ்வொரு லைன் கார்டிலும் ஒரு புராசஸர், கட்டுப்பாட்டு கார்டில் அதைவிடப் பெரியது, அது படுத்துவிட்டால் பொறுப்பேற்க இன்னொன்று, நடுவே தடங்களை இணைத்துவிடும் ஃபேப்ரிக் கார்டுகள். இவை பேசிக்கொள்ள உள்ளுக்குள்ளேயே ஓர் ஈதர்நெட். 1999-லிருந்து 2001 வரை இந்தப் பெட்டிகளுக்கு இருந்த கிராக்கியை இன்று நம்புவதே கடினம். கண்ணாடிகளை அசைத்து ஒளியைத் திருப்பும் ஸ்விட்சைச் செய்துகொண்டிருந்த எக்ஸ்ரோஸ் என்ற சிறு நிறுவனத்தை 2000-ல் நார்டெல் 325 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அவசரத்தில் கார்டுகளுக்கு இடையே ஒரு நெறிமுறையை உட்கார்ந்து எழுத யாருக்கும் பொழுதில்லை. தயாராகக் கிடைத்த கோர்பாவைத் துறையில் பலரும் உள்ளே கொண்டுவந்தது இந்தச் சூழலில்தான்.

ஓஎம்ஜி என்ற தொழில் கூட்டமைப்பு 1991-ல் வெளியிட்ட தரம் கோர்பா. ஒரு நிரலில் இருக்கும் பொருளின் செயலை, வேறொரு கணினியில் ஓடும் நிரல் சாதாரண ஃபங்ஷனைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிடலாம் என்பது அதன் வாக்குறுதி. பொதுவான கோர்பா வங்கிக்கும் அலுவலகத்துக்கும் போதும், ஸ்விட்சுக்குப் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஓஎம்ஜி 1999-ல் நிகழ்நேர கோர்பாவை ஏற்றுக்கொண்டது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஷ்மிட் குழு உருவாக்கிய டாவோ, அப்ஜெக்டிவ் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஓஆர்பிஎக்ஸ்பிரஸ் போன்ற மென்பொருள்கள் இந்த வழியில் பேர் பெற்றவை.

முதலில் அதற்குரிய பாராட்டைக் கொடுத்துவிடலாம். கோர்பாவின் உண்மையான பலம் வேகத்திலோ நிகழ்நேரத்திலோ இல்லை, ஐடிஎல் என்ற இடைமுக விவரணை மொழியில் இருந்தது. லைன் கார்டுக்காரர் சி மொழியில், மோட்டோரோலாவின் பவர்பிசி சில்லுக்கு எழுதுவார். மேலாண்மை மென்பொருள்காரர் ஜாவாவில் எழுதுவார். ஒருவர் கணினியில் பெரிய பைட் முதலில், மற்றவர் கணினியில் சிறிய பைட் முதலில். இருவரும் ஒப்புக்கொண்ட ஐடிஎல் கோப்பு ஒன்று நடுவில் இருந்தால் மற்றதை அதிலிருந்து பிறக்கும் நிரல் பார்த்துக்கொள்ளும். இன்னொரு பலன் விளம்பரங்களில் வரவில்லை, ஆனால் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். புதுக் கார்டின் போர்டு ஆய்வகத்துக்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் கார்டின் மென்பொருளைச் சாதாரண சோலாரிஸ் கணினியில் ஓட்டி, கட்டுப்பாட்டுக் கார்டோடு பேசவைத்துச் சோதித்துவிடலாம். பொருள் எங்கே இருக்கிறது என்று கூப்பிடுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

நிகழ்நேரப் பகுதி சரிசெய்தது முன்னுரிமைச் சிக்கலை. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அங்கே போய்த் திரும்பத் திரும்ப ரீசெட் ஆன கதை துறைக்குள் பிரபலம்: தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தர வேலை அதை ஓடவிடாமல் தடுக்க, உச்ச முன்னுரிமை வேலை காத்தே கெட்டது. பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடுக்கும் அமைப்பை அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் இயக்கியதும் தீர்ந்தது. அது ஒரே புராசஸருக்குள் நடந்தது. பல கார்டுகள் இருக்கும் இடத்தில் அழைப்பவரின் முன்னுரிமை அழைப்போடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். நிகழ்நேர கோர்பா அதைச் செய்தது. 0 முதல் 32767 வரை ஒரு பொது அளவுகோலை வைத்தது; பெரிய எண் பெரிய முன்னுரிமை. விஎக்ஸ்வொர்க்ஸிலோ 0 தான் உச்சம், 255 தாழ்வு. இடையில் மாற்றித்தரும் அட்டவணையை நிரலாளரே எழுதிக்கொள்ளலாம். இந்த அட்டவணையைத் தலைகீழாக எழுதிவிட்டால் சாதாரணச் சுமையில் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். ஃபைபர் அறுந்த அன்றுதான் விஷயம் வெளிப்படும்.

அந்த நாளைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். ஒரு இழையில் 40 அலைநீளங்கள், ஒவ்வொன்றிலும் ஓசி-192, அதாவது 192 அடிப்படைத் தடங்கள் என்று வைத்துக்கொண்டால், பொக்லைன் ஒருமுறை மண்ணைத் தோண்டியதில் 7,680 தடங்கள் ஒரே நொடியில் போகின்றன. ஒவ்வொன்றும் ஓர் அலாரம். அத்தனையும் கட்டுப்பாட்டுக் கார்டை நோக்கி ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே, மாற்றுத் தடத்துக்கு மாறு என்ற ஒரே ஒரு கட்டளை. எல்லாம் ஒரே டிசிபி இணைப்பில் போனால் கட்டளை அலாரங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். முன்னுரிமைக் கட்டுக்குத் தகுந்தபடி தனித்தனி இணைப்பு, சேரும் இடத்தில் தனித்தனி த்ரெட் கூட்டம் என்று நிகழ்நேர கோர்பா இதற்கு ஒழுங்கான விடையைத் தந்தது. இதை நன்றாகவே செய்தார்கள்.

ஆனால் அந்த இணைப்புகள் போய்ச் சேர்வது பெட்டிக்குள் இருக்கும் ஈதர்நெட்டில். நிகழ்நேர கோர்பாவின் 1.0 தரம் டிசிபிக்கு பஃபர் அளவு, தாமதமின்றி அனுப்பு என்பது போன்ற சில அமைப்புகளோடு நின்றுவிட்டது. பாக்கெட்டின் மேலேயே முன்னுரிமையை எழுது என்று அது சொல்லவில்லை. மேலே அத்தனை ஒழுங்கு இருந்தும் கீழே அலாரம் பாக்கெட்டும் கட்டளை பாக்கெட்டும் ஒரே தரம். நெரிசலில் கட்டளை பாக்கெட் ஒன்று தொலைந்தால்? சிறிய செய்தி, பின்னால் வேறு தரவு வராததால் தொலைந்ததை டிசிபி ஊகிக்க வழியில்லை, காலக்கெடு முடியக் காத்திருக்க வேண்டும். 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2988-இன்படி அந்தக் கெடு ஒரு நொடிக்குக் குறையலாகாது. ஒளியிழைத் தொடர்புக்கான தரங்களான சோனெட்டும் எஸ்டிஎச்சும் பழுது தெரிந்தபின் மாற்றுத் தடத்துக்குப் போகத் தரும் நேரம் 50 மில்லிசெகண்ட். இருபதில் ஒரு பங்கு. டிசிபி அடுக்கைத் திருத்தி அந்தக் கெடுவைக் குறைத்த குழுக்கள் உண்டு. அதற்குள் அவர்கள் வாங்கிய மிடில்வேர், தாங்களே பராமரிக்க வேண்டிய மிடில்வேராகிவிட்டது.

சோனெட் தன் காரியத்தை எப்படி முடிக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நொடிக்கு 8,000 ஃபிரேம்கள். ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பகுதியிலும் கே1, கே2 என்ற இரண்டு பைட்டுகள். எந்தத் தடம் கெட்டது, என்ன வேண்டும் என்ற முழு உரையாடலும் அந்த இரண்டில் அடங்கும். மூன்று ஃபிரேம்களில் ஒரே மதிப்பு வந்தால் நம்பலாம். அதற்கு 375 மைக்ரோசெகண்ட் போதும். கோர்பா செய்தியில் தலைப்பு மட்டும் 12 பைட். அதன்பின் பொருளின் சாவி, அதன்பின் செயலின் பெயர் எழுத்து எழுத்தாக, ஒவ்வொரு முறையும். இதை வெட்டி ஒட்டிச் சிறிதாக்கப் பார்ப்பதைவிட, இந்த இடத்தில் கோர்பாவே வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை. பாதுகாப்பு மாற்றத்தை வன்பொருளுக்கும் சில வரி சி நிரலுக்கும் விட்டுவிட்டு, நடந்ததைப் பிறகு கோர்பா வழியாக அறிவித்த வடிவமைப்புகள் பிழைத்தன. எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் கட்டினால்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தவை, என் பார்வையில், அழகுக்கு நல்ல விலை கொடுத்தன.

நேரத்தைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. இரு கார்டுகளை இணைக்கச் சொல்லி ஓர் அழைப்பு போகிறது, பதில் வருவதற்குள் தொடர்பு அறுகிறது. கோர்பா விதிவிலக்கு எறிந்து, அதோடு ஒரு நிலையையும் தருகிறது: முடிந்தது, முடியவில்லை, முடிந்திருக்கலாம். மூன்றாவது வந்தால் என்ன செய்வது? இணைப்பு போடப்பட்டதா இல்லையா? மறுபடி அனுப்பினால் இரட்டிப்பாகுமா? கோர்பா இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லியது. ஆனால் உள்ளூர் ஃபங்ஷன்போலவே எழுதப்பட்ட நிரலில் அந்த விதிவிலக்கைப் பிடித்து, கார்டைக் கேட்டுச் சரிபார்த்து, பிறகு முடிவெடுக்கும் பகுதியை எழுதுபவர் குறைவு. தூரத்து அழைப்பையும் உள்ளூர் அழைப்பையும் ஒன்றாகக் காட்டாதீர்கள் என்று சன் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் கூட்டாளிகளும் 1994-லேயே எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் உண்டு, கெடு தேதி அவர்களையும் விடவில்லை.

இனி மேம்படுத்தல். ஆண்டில் 99.999 சதவீதம் ஓட வேண்டும் என்றால் நின்றுபோக அனுமதி சுமார் ஐந்து நிமிடம். ஆகவே புது மென்பொருளைக் கார்டு கார்டாக, ஓட ஓடவே ஏற்ற வேண்டும். சில மணி நேரமாவது புதுக் கட்டுப்பாட்டுக் கார்டும் பழைய லைன் கார்டும் பேசியாக வேண்டும். ஐடிஎல்லில் ஒரு ஸ்ட்ரக்சரில் ஒரு புலத்தைச் சேர்த்திருந்தால், பழைய கார்டுக்கு அது புரியாது. தரவில் எது எந்தப் புலம் என்ற குறிப்பே இல்லை, பைட்டுகள் வரிசையில் மட்டுமே வருகின்றன. இதைச் சமாளிக்கப் பெயர்-மதிப்பு ஜோடிகளின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு ஸ்ட்ரக்சரிலும் சொருகினார்கள். மேலாண்மை இடைமுகத்துக்கான டிஎம்எஃப் 814 தரத்திலேயே கூடுதல் தகவல் என்ற பெயரில் அந்தப் பட்டியல் இருக்கிறது. முன்வாசலுக்கு இரட்டைப் பூட்டு போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை இது. ஒவ்வொரு விற்பனையாளரும் தனக்கு வேண்டியதை அதில் கொட்ட, ஒப்பந்தம் என்று நாம் மெச்சிய ஐடிஎல்லின் பெரும்பகுதி வெறும் சரமாகிப் போனது.

சி++ இணைப்பு விதிகளின் சிடுக்கையும் சொல்லாமல் விட முடியாது. திரும்பி வந்த தரவை விடுவிக்க வேண்டியது யார் என்பதற்கு இடத்துக்கு இடம் வேறு விதி. ஓர் அழைப்பில் 40 பைட் விடுபட்டு, நொடிக்கொரு அழைப்பு போனால் நாளுக்குச் சுமார் 34 லட்சம் பைட். 64 மெகாபைட் நினைவகம் கொண்ட கார்டு மூன்று வாரம் தாங்காது. ஆய்வகச் சோதனை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

கோர்பாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி 2006-ல் மிச்சி ஹெனிங் எழுதிய கட்டுரையை இங்கே பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் குற்றச்சாட்டுகளில் சில இணையத்தைப் பற்றியவை: ஃபயர்வாலைத் தாண்டாது, மறையாக்கம் பலவீனம் என்பன. மூடிய பெட்டிக்குள் ஃபயர்வால் ஏது? ஸ்விட்சுக்குள் கோர்பா சறுக்கியது இவற்றால் அல்ல என்பதை அந்தக் கட்டுரையை ஆயுதமாக்குபவர்கள் கவனிப்பதில்லை.

பெட்டிக்கு வெளியே, தனிக் கருவிகளின் மேலாண்மை மென்பொருளும் முழு வலையமைப்பின் மேலாண்மை மென்பொருளும் சந்திக்கும் இடத்தில், கோர்பா நெடுங்காலம் நிலைத்தது. அங்கே நொடிகள் போதும், பதில் தாமதித்தால் ஒரு மனிதர் மறுபடி பொத்தானை அமுக்குவார். அந்த இடத்துக்கும் பிறகு நெட்கான்ஃப், யாங் என்ற மேலாண்மைத் தரங்கள் வந்தன. 2018-ல் ஜாவா 11 கோர்பாவைத் தன் தொகுப்பிலிருந்தே நீக்கியது. இப்போது ஒளியிழைக் கருவிகளில் ஜிஆர்பிசி என்ற தூர அழைப்பு முறை பேசப்படுகிறது. அதன் தரவு வடிவமான புரோட்டோபஃப் ஒவ்வொரு புலத்துக்கும் எண் போடுகிறது. பழைய கார்டு தெரியாத எண்ணைத் தாண்டிப் போய்விடும், மேம்படுத்தல் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. டிசிபி மட்டும் அப்படியே அடியில் இருக்கிறது. காலக்கெடு தாண்டியது என்ற பிழை, நிலையை மாற்றும் செயல் வெற்றிகரமாக முடிந்திருந்தாலும்கூட வரலாம் என்று ஜிஆர்பிசியின் ஆவணமே சொல்கிறது. புதிதாக எழுதுபவரும் அந்த மூன்றாவது நிலைக்கு நிரல் எழுதித்தான் ஆக வேண்டும்.