உப்பளத்து வெள்ளை

மரக்காணம் உப்பளத்தில் எடுத்த காட்சிகளை அடுத்தடுத்து வைக்கும்போதுதான் நிறப் பொருத்தத்தின் அருமை தெரியும். விடியலில் உப்புக் குவியல் இளஞ்சிவப்பு. உச்சி வெயிலில் கண் கூசும் வெள்ளை. கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தானாக மாற விட்டால், பாத்தி நீரும் வானமும் சட்டத்துக்குள் கூடவும் குறையவும் நிறமும் அலைபாயும். பகலுக்கு 5600 கெல்வினில் பூட்டிவிடுவது நல்லது.

டாவின்சி ரிசால்வ் மென்பொருள் ஒரே சொடுக்கில் இரு காட்சிகளைப் பொருத்தித் தரும். அதை முதல் படியாக மட்டுமே நம்புகிறேன். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் வெளிச்சத்தைச் சமன்செய்த பிறகே நிறம். உப்பு அதன் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் பரல்களின் விவரம் திரும்ப வராது. குவியலைவிட, உப்பு வாரும் தொழிலாளியின் முகமே எனக்கு அளவுகோல். நிறச் சாயலைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் கருத்த தோலும் மாநிறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழும், வேறுபடுவது வெளிச்சம். அந்த முகம் வெளுத்துப்போனால், உப்பு எவ்வளவு அழகாக ஒத்துவந்தாலும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.