காத்திருப்பவள் சொல்லும் போர்

ராஜ்குமார் பெரியசாமியின் ‘அமரன்’ (2024), 2014இல் ஷோபியானில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸின் குரலில் சொல்கிறது. தமிழ்ப் போர்ப்படத்தில் இது அரிது. ஆனால் கேமரா காஷ்மீருக்குள் நுழைந்ததும், அவர் பார்த்திருக்கவே முடியாத சண்டைகள் திரையை எடுத்துக்கொள்கின்றன. அவருக்கு மிஞ்சுவது தொலைபேசியும் காத்திருப்பும். அந்தக் காத்திருப்பின் கனத்தைச் சாய் பல்லவி முகத்தில் தாங்குகிறார். தொட்டியத்தில் என்னோடு படம் பார்த்த பெண்கள் அழுததும் அதற்காகத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. ராணுவம் சோதனைக்குக் கதவு தட்டும் வீட்டிலும் மகனுக்காக, கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காத்திருப்பு இங்கே கதையாவதில்லை. வீரனின் மனைவிக்கு அசோக சக்கரம் கிடைக்கிறது; காஷ்மீரி விதவையின் துக்கத்துக்குப் படத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.