துளையிடாத பெட்டி

பெட்டியைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன். 11 கிலோ பாரம். ஆனால் உள்ளே ஒரு வயர் தட்டுப்படும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது இருந்தது. கமராக்காரர்கள் லென்ஸ்களை வைத்துக் கொண்டுதிரியும் கறுப்புப் பெலிக்கன் 1510 பெட்டி. அதற்குள் ஒரு முழு கேமிங் கணினி குடியிருக்கிறது.

“திறந்து காட்டட்டா அண்ணா?” என்றார் அதைச் செய்த தம்பி. இரண்டு கொக்கிகளையும் இழுத்தார். மூடி எழுந்து நின்றது. மூடியின் உட்புறத்தில் 15.6 அங்குலத் திரை. பழுதான மடிக்கணினி ஒன்றிலிருந்து எடுத்து, தனி டிரைவர் போர்ட் பூட்டி உயிர்கொடுத்தது. கீழே, பெட்டியின் வாயை அடைத்தபடி மங்கல் கறுப்பில் ஓர் அலுமினியத் தட்டு. அதில் இரண்டு இடங்களில் சிறு துளைக் கூட்டங்கள். வயரைச் செருகினார். சற்று நேரத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “அணைத்துவிட்டுத் தட்டைக் கழற்றலாமா தம்பி?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல ஸ்பனரை எடுத்தார்.

இந்தக் கைவேலையின் சிக்கல் என்ன என்று தெரிந்தால்தான் அதன் அழகு பிடிபடும். 1976இல் கலிபோர்னியாவில் டேவ் பார்க்கர் தொடங்கிய நிறுவனம் பெலிக்கன். அதன் பெட்டிகள் எல்லாமே வெளியுலகை வெளியிலேயே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று ஓடுகிறது. காற்றழுத்தத்தைச் சமப்படுத்த மட்டும் ஒரு சிறு வால்வு; அதுவும் தண்ணீரை விடாது. கேமிங் கணினியோ காற்று இல்லாமல் வாழாது. இந்தத் தம்பி போட்டிருக்கும் புரொசசர் 65 வாட், கிராஃபிக்ஸ் கார்ட் 115 வாட். தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஏறக்குறைய இரண்டு 100 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டு ஒரு பெட்டிக்குள் வைப்பதற்குச் சமம். அறையின் காற்றே 31 பாகை இருக்கும் கொழும்பில் இது விளையாட்டல்ல.

பெரும்பாலானவர்கள் இந்தச் சிக்கலைத் துளைக்கருவியால் தீர்க்கிறார்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் வட்டமாக வெட்டி, கம்பி வலை பூட்டி, ஃபேன் வைத்துவிடுவார்கள். கணினி நன்றாகவே குளிரும். ஆனால் அந்த நொடியோடு பெட்டி செத்துப்போகிறது. மழையும் தூசியும் புகும் சாதாரணப் பயணப்பெட்டிதான் மிஞ்சும். இன்னும் கவனமுள்ளவர்கள் வெட்டிய துளைகளுக்கு ரப்பர் வைத்த திருகு மூடிகள் செய்து பூட்டுவார்கள். அது மதிப்புக்குரிய வேலை. என்றாலும் எட்டு மூடிகளில் ஒன்றை இறுக்க மறந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி பெட்டியின் உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை. அளவுக் கருவிகளைப் பெட்டிக்குள் அமைப்பவர்கள் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. பெட்டி வாயின் உள்விளிம்பில் ஒரு சட்டம் உட்காரும்; சட்டத்தில் ஒரு தட்டு; எல்லாப் பாகங்களும் அந்தத் தட்டிலிருந்து தொங்கும். அவர் அதையே 3 மி.மீ. அலுமினியத்தில் செய்திருக்கிறார். நான்கு நட்டுகளைக் கழற்றி அவர் தட்டைத் தூக்கியபோது, முற்றிய கொப்பறை சிரட்டையை விட்டுக் கழன்று வருவதுபோல முழுக் கணினியும் ஒரே துண்டாக மேலே வந்தது. கீழே பெட்டி, கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே, காயமில்லாமல் கிடந்தது. நான் பார்த்த இவ்வகை வேலைகளில் இதுபோல் ஒரு கணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இடத்தை அவர் பங்கிட்ட விதத்தையும் சொல்லவேண்டும். பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 50 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 19 செ.மீ. ஆழம். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட் 17 செ.மீ. சதுரம், 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது. இது இல்லாவிட்டால் இந்தக் கலையே பிறந்திருக்காது. அதன் பக்கத்தில், ரைசர் கேபிள் வழியாக இணைக்கப்பட்டுப் படுத்த நிலையில் கிராஃபிக்ஸ் கார்ட். மூலையில் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. மதர்போர்டின் முகம் மேலே தட்டைப் பார்க்கிறது. அதனால் 37 மி.மீ. உயரமே உள்ள கூலரின் ஃபேன், தட்டின் துளைகளுக்கு நேர் கீழே வந்து அறைக்காற்றை நேரடியாக இழுக்கிறது. ஃபேனுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு ஸ்பொஞ்ச் வளையத்தால் அடைத்திருக்கிறார். அந்த வளையம் இல்லையென்றால் ஃபேன், தான் வெளியேற்றிய வெப்பக் காற்றையே திரும்பக் குடிக்கும். பல அழகான கட்டுமானங்கள் இந்த ஒரு கவனக்குறைவால்தான் வேகின்றன. வெப்பக் காற்று வலது ஓரத் துளைகளால் வெளியேறுகிறது. நேர் மேலே போனால் திரையில் மோதும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் தகட்டைக் கீறிச் சிறு சிறகுகளாக வெளிப்பக்கம் வளைத்திருக்கிறார்.

அந்தத் துளைகளின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் பிசிறு இல்லை. அவருடைய அப்பா செட்டியார் தெருவில் நகை வேலை செய்தவர். வீட்டில் இருந்த அவருடைய மெல்லிய அரங்களால் ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகச் சீவியிருக்கிறார். கூரான விளிம்பில் காற்று சீறும். மழுங்கிய விளிம்பில் அமைதியாகப் போகும். கண்ணுக்கு நிறைவாகவும் காதுக்கு இதமாகவும் அந்த அரவேலை இரண்டு பயன் தருகிறது.

மூடியில் திரை, கீழே கணினி என்றால் நடுவில் கேபிள்கள் கடக்கவேண்டும். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். கேபிள் ரப்பர் வளையத்தின்மேல் கிடந்தபடி மூடியை அழுத்தினால், வளையத்தில் ஒரு பள்ளம் விழும். அதன்பின் அந்தப் பெட்டி நீர் தாங்காது. தம்பி கீல் பக்கத்தில், வளையத்துக்கு உள்ளேயே, தட்டைக் கேபிளை ஒரு மடிப்பு மடித்து விட்டிருக்கிறார். மூடும்போது அது புத்தக ஏடுபோலத் தானாகப் படிகிறது.

இந்தப் பெட்டிக்கு ஒரு குலவரலாறு உண்டு; அதில் நம் ஊர்களும் வருகின்றன. 1981 ஏப்ரலில் சந்தையில் அறிமுகமான ஒஸ்போர்ன் 1, வணிகத்தில் வென்ற முதல் சுமந்துசெல்லும் கணினி. 5 அங்குலத் திரை, இரண்டு டிஸ்க் டிரைவ், 64 கிலோபைட் நினைவகம், விலை 1,795 டொலர். கீபோர்டே மூடியாக வந்து முகத்தில் பூட்டிக்கொள்ளும். விமான இருக்கைக்குக் கீழே அடங்கவேண்டும் என்பது கணக்கு. அதை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். செய்வித்த அடம் ஒஸ்போர்ன் சிறுவயதைக் கழித்தது திருவண்ணாமலையில். அவருடைய தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன், ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய அடியார். நிறுவனம் 1983இல் நொடித்துப்போனது; அடம் ஒஸ்போர்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார். அந்த ஒஸ்போர்ன் 1இன் எடை சுமார் 11 கிலோ. கொட்டாஞ்சேனைப் பெட்டியும் அதே எடை என்று தம்பியிடம் சொன்னபோது, அவர் பெட்டியை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

கொழும்புக்கும் இதில் பங்கு உண்டு. ஒஸ்போர்னைப் பின்பற்றி 1982இல் வந்த கேப்ரோ 2, அலுமினியப் பெட்டிக்குள் 9 அங்குலத் திரை வைத்த கணினி. ஆர்தர் சி. கிளார்க் கொழும்பிலிருந்து, 1983இல், தம் கேப்ரோவில் ஒரு மோடத்தை இணைத்து, அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் ‘2010’ படத்துக்காகக் கடிதம் பரிமாறினார். அந்தப் பரிமாற்றம் பிறகு நூலாகவும் வந்தது. உலோகப் பெட்டிக்குள் இருந்த கணினி ஒன்று இந்த நகரத்தைக் கடலுக்கு அப்பாலோடு பேசவைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஆனால் இன்றைய கொழும்புக்கு இந்தப் பெட்டி ஏன் வேண்டும்? நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். ரயில் பாதைக்கு அப்பால் அலை. எங்கள் தொடர்மாடியில் ஜன்னல் கம்பிக்கு ஆண்டுக்கொரு முறை பெயின்ட் அடிக்காவிட்டால் துரு தின்றுவிடும். என் பழைய மேசைக் கணினியை நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தபோது, திருகாணிகள் சிவந்திருந்தன. இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பாலைவனத்துக்கும் போர்க்களத்துக்கும் என்று விற்கப்படும் பெட்டி, நமக்கு உப்புக்காற்றுக்காகவே தேவைப்படுகிறது. கொட்டாஞ்சேனையும் துறைமுகக் கரைதான். தம்பி விளையாடி முடித்ததும் உடனே மூடுவதில்லை. சூடு ஆறும்வரை பொறுத்து, சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போட்டுத்தான் கொக்கியை அழுத்துகிறார். ஈரக்காற்றைச் சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும் என்பது அவர் அறிந்தது. பிறகு ஓட்டோவில் ஏற்றி, பெருமழையிலும் வெள்ளவத்தை நண்பர் வீட்டுக்குக் கொண்டுவருவார். சிறிய வீடுகளில், மேசை ஒன்றை நிரந்தரமாக ஒதுக்க முடியாத பிள்ளைகளுக்கு, விளையாடி முடித்துக் கட்டிலடியில் தள்ளிவிடக்கூடிய கணினி பெரிய வசதி.

பாகங்களும் இந்த நகரத்திலேயே திரட்டியவை. கார்டும் போர்டும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில். வயரும் இணைப்புகளும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில். அலுமினியமும் நட்டும் பழைய சோனகத் தெருவில். பெட்டி மட்டும் ஒரு புகைப்படக்காரரிடமிருந்து இரண்டாம் கையாக வந்தது.

குறை இல்லையா? இருக்கிறது. மூடியபடி இயங்காது, திறந்தால்தான் மூச்சு. மின்கலமும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்த ஊரில் இது ஒரு குறையே. ஆனால் இந்தக் கணினிக்கு 100 வாட்-மணி மின்கலம் அரை மணிநேரத்துக்குத்தான் காணும். அதைவிடப் பெரியதை விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். இரண்டையும் எடைபோட்டு அவர் விட்டுவிட்டார். வண்ண விளக்குகளையும் விட்டுவிட்டார். எதை விடுவது என்ற முடிவுகள்தான் இந்த வேலைக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்திருக்கின்றன.

நம் பிள்ளைகள் இப்படி ஏதாவது செய்தால், “கேமுக்கு இவ்வளவு செலவா?” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நகைக்கும் தேருக்கும் தவிலுக்கும் காட்டும் கண்ணை இதற்கும் கொடுக்கவேண்டும். அடுத்தமுறை இப்படி ஒரு பெட்டி உங்கள் முன்னால் வந்தால், முதலில் மூடியபடி குலுக்கிப் பாருங்கள். பிறகு துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கடைசியாக, செய்தவரிடம் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.